பெல்ட் மாற்றிய தேதி

கேட்கும் ஒவ்வொரு கேசட்டுக்கும் தேதியும் தீர்ப்பும் நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். தொண்ணூறுகளில் கல்லூரி நண்பன் முருகேசன், தான் உயிராக நினைத்த ஒரு கிளாம் மெட்டல் என்ற துள்ளல் ராக் இசைக் கேசட்டை ஆசையோடு எனக்குக் கேட்கக் கொடுத்தான். நோட்டிலும் எங்கள் கையெழுத்துப் பத்திரிகையிலும் அதை "அழுமூஞ்சி இழுவை" என்று எழுதினேன். அதன்பின் அவன் என்னோடு பேசவே இல்லை.

ஏழு ஆண்டுகள் கழித்துப் பழைய நோட்டைப் புரட்டியபோது திடுக்கிட்டேன். அந்தத் தீர்ப்புக்கு மறுநாள் தேதியில், "டேப் ரெக்கார்டரில் பெல்ட் தளர்ந்து மெதுவாக ஓடியது, மாற்றினேன்" என்று இருந்தது. பாட்டு இழுத்தது பெல்ட்டால்தான் என்று இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவேயில்லை.

நோட்டோடு கே.கே. நகரில் முருகேசன் வீட்டுக்குப் போனேன். அதைப் படித்துவிட்டு அவன் அதே கேசட்டைப் போட்டான். கிதார் துள்ளி ஓடியது. மூன்றாவது பாட்டில் என் கால் தானாகத் தாளம் போட்டது.

"ஏழு வருசமா பெல்ட்டு செஞ்ச தப்புக்கு அந்தப் பாட்டுக்காரங்களத் திட்டியிருக்க, மாப்ள."

"அம்புட்டும் என் தப்புதான்டா."

"அப்ப இன்னைக்குத் தேதி போட்டு எழுது."

பழைய தீர்ப்பை அடிக்கவில்லை. அதுவும் நான் எழுதியதுதான். அதன் கீழேயே "அருமை" என்று எழுதினேன். அவன் அலமாரியிலிருந்து இன்னொரு கேசட்டை எடுத்து என் கையில் திணித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.