புறக்கடையில் ஒரு குதிகுழி

மலைக்கு ரோடு வராத காலம் அது. நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்த என் மாமா, அம்மாவின் தம்பி, பழைய லாரி டியூப்களைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு அத்தனை ஏற்றமும் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சேலத்தில் சர்க்கஸ் பார்த்திருக்கிறார். அங்கே ஒரு பெண் வலைமேல் விழுந்து, விழுந்த வேகத்திலேயே பந்து மாதிரி மேலே போனாளாம். அப்படியொன்றை எங்கள் புறக்கடையில் கட்டியே தீருவேன் என்றார். மாமா எதையும் ஆரம்பிப்பதில் கெட்டிக்காரர். முடிப்பதற்குத்தான் அம்மா வேண்டும்.

கால் நட்டு உயரத்தில் கட்டுவதாக முதலில் பேச்சு. பிள்ளை விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் யார் மலையிறங்கித் தூக்கிப் போவது என்று அம்மா கேட்டாள். அப்படியானால் தரையோடு தரையாக இருக்கட்டும் என்று பலாமரத்துக்கு அப்பால் இடுப்பளவு குழி வெட்டினார். சுற்றிலும் கட்டைகளைப் பதித்து முளையடித்தார். டியூபை நாடா நாடாவாக அறுத்ததுவரை சரி. அதை இழுத்துப் பின்ன அவருக்கு வரவில்லை. அம்மா அவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, கயிற்றுக் கட்டிலுக்குப் பின்னுவது போலவே பின்னி, மேலே சாக்கைத் தைத்துப் போட்டாள். அதன்பிறகு நான் தரையில் நடந்த நேரம் குறைவு.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். மலையிலேயே இன்னொரு பக்கம், வளப்பூர் நாட்டில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் காய்ச்சலில் இறந்ததும் ஒரு தகரப் பெட்டியோடு வந்துவிட்டவள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளாகத்தான் விடிந்ததிலிருந்து வேலை, வேலை என்று கிடப்பாள். நான் ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். "நீ குதி கண்ணு. எனக்கெதுக்கு அதெல்லாம்?" என்று ராகி புடைக்கப் போய்விட்டாள். வயதானவள், பாவம் என்று விட்டுவிட்டேன். இப்போது கணக்குப் போட்டால் அவளுக்குப் பத்தொன்பது இருக்கும்.

மாமா ஊர் திரும்பிய பிறகு எங்கள் கன்றுக்குட்டி அந்த வலையில் காலை விட்டுக்கொண்டு கத்தியது. கால் ஒடியாமல் மீட்டதே பெரிய பாடு. அப்பாவுக்கு வந்த கோபத்தில், காலையில் முதல் வேலையாகக் குழியை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார். அப்பா சொன்னால் சொன்னதுதான். நான் களி வேண்டாமென்று அழுதபடியே தூங்கிப்போனேன்.

வலைமேல் போய்ப் படுத்துக்கொண்டால் எப்படி மண் தள்ளுவார், பார்த்துவிடலாம் என்று விடிந்ததும் ஓடினேன். பலாமரத்துக்கு இந்தப் பக்கம் அப்பா தோளில் மண்வெட்டியோடு அசையாமல் நின்றிருந்தார். அந்தப் பக்கம் டியூப் கிறீச்சிடும் சத்தம். எட்டிப் பார்த்தேன். அத்தை குதித்துக்கொண்டிருந்தாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள், கொண்டை அவிழ்ந்திருந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஏனோ ரொம்பப் பிடித்திருந்தது.

கூப்பிட வாயெடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்து வீட்டு வாசலுக்கே நடத்திக் கொண்டுபோனார். மண்வெட்டியைச் சத்தமில்லாமல் சாய்த்துவிட்டு, வெந்நீர் எங்கே என்று ஊருக்கே கேட்கும்படி அம்மாவை அதட்டினார். சற்று நேரத்தில் அத்தை கொண்டையை முடிந்துகொண்டு, ஒரு கட்டு விறகோடு வந்தாள். மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருந்தது.

குழியை அப்பா மூடவில்லை. மூங்கில் வெட்டிவந்து சுற்றிலும் வேலி கட்டி, படல் வைத்து, அதன் கொக்கியை என் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினார். நான் எப்படித் திறப்பேன் என்று சண்டைக்குப் போனேன்.

"அத்தையக் கூட்டிக்கிட்டுப் போ சாமி. அவ தொறந்து உடுவா" என்றார். பிறகு அத்தையைப் பார்க்காமலே, "வேல கெடந்தா கெடக்குது அம்மிணி. புள்ளையத் தனியா உட்றாத" என்றார்.

நான் பட்டினி கிடந்துதான் குழியைக் காப்பாற்றினேன் என்று வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொக்கியை மட்டும் கொஞ்சம் கீழே வைத்திருக்கலாம். அப்பாவுக்கு அளவு பார்க்கத் தெரியவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.