விளக்கோடு முடிந்த புத்தகம்

நாரணாபுரத்தில் எங்கள் தெருவுக்குப் புத்தகங்கள் மூட்டையில்தான் வந்தன. வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டும் வேலையை வீட்டிலேயே செய்கிற தெரு அது. குழாய்க்கான பழைய பேப்பரை ஏஜெண்ட் எடைபோட்டுக் கொடுத்து, குழாயாக எடைபோட்டே திரும்ப வாங்குவார். மூட்டையை அவிழ்த்தால் பரீட்சைத் தாள், கல்யாணப் பத்திரிகை, எப்போதாவது ஒரு கதைப் புத்தகம். அதைக் கிழிக்கப் பக்கத்து வீட்டுச் சித்திக்கு மனசு வராது. அதே கனத்துக்குப் பழைய நோட்டை மூட்டைக்குள் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வாள்.

எடுத்தவள் தானே வைத்துக்கொண்டால் கேட்க ஆளில்லை. சித்தியோ வாசலுக்குள் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து அதில் போட்டாள். தெருவில் யாரும் எடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துவிட வேண்டும். சரளமாக வாசிக்கத் தெரியாதவர்களுக்காக மத்தியானம் சித்தியே சத்தமாக வாசிப்பாள். அம்மாவையும் பெரியம்மாவையும் சேர்த்து ஆறு வீட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டே உருட்டுவார்கள். சித்தியின் பங்குக் குழாயையும் அவர்களே உருட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. சட்டை அக்காவுடையது, பள்ளிக்கூடப் பை பெரியம்மா மகளுடையது. அந்தப் பள்ளிக்கூட லீவில் அட்டை இல்லாத ஒரு புத்தகம் வந்தது. தோணியில் தனியாகப் போன ஒரு பெண் புயலில் சிக்கி, ஆளில்லாத தீவில் ஒரு கோழியோடு ஒதுங்குகிறாள். மூன்று நாள் வாசிப்பில் எல்லாருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. நாலாம் நாள் காலையில் நான் அதைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.

மத்தியானம் புத்தகத்தைக் காணாமல் தெருவே கலங்கிப்போனது.

“அவ அங்கன பட்டினியாக் கெடக்கா. எனக்கு எப்படிச் சோறு எறங்கும்?” என்றாள் எதிர்வீட்டு மதினி.

“கோழி இருக்குல்ல?” என்றாள் அம்மா.

“அத அறுக்க அவளுக்கு மனசு வராது.”

ஒருவேளை தெரியாமல் உருட்டிவிட்டோமோ என்று பெரியம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காய்ந்த குழாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத்துக்கூட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். அரை நாள் வேலை மண்ணாய்ப் போனது. நானும் கூட உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தேன்.

யாரும் இல்லாத நேரம் பார்த்துப் படித்தேன். ‘தூரத்தில் ஒரு விளக்குத் தெரிந்தது’ என்ற வரியோடு புத்தகம் முடிந்துவிட்டது. மிச்சப் பக்கங்களை எந்தக் காலத்திலோ யாரோ கிழித்திருக்கிறார்கள். அரிசிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். அது யாருடைய விளக்கு என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்டால் மாட்டிக்கொள்வேன். இரண்டு நாள்தான் தாங்கினேன். பிறகு ஓசைப்படாமல் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன்.

அன்று மத்தியானம் சித்தி பிரித்தபோது நாலு அரிசி உதிர்ந்தது. அவள் அதைத் தட்டிவிட்டு வாசித்தாள். விளக்கு வந்தது. சித்தி நிறுத்தவில்லை. விளக்கோடு ஒரு படகு வந்ததாம், படகுக்காரனுக்குச் சொந்த ஊர் நம்ம பக்கத்துத் தாயில்பட்டியாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. “சித்தி பொய் சொல்றாக. வெளக்கோட புஸ்தகம் முடிஞ்சிருச்சு.”

உருட்டிய கைகள் எல்லாம் அப்படியே நின்றன.

“ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அம்மா.

பசைக் கையோடு அவள் அடிக்க எழுந்துவிட்டாள். அரை நாள் வேலையைப் பிரித்துப்போட்ட பெரியம்மாதான் முதலில் சிரித்தாள். “அடிக்காத புள்ளய. மிச்சக் கதைய அவளே சொல்லட்டும்.”

அழுதுகொண்டே சொன்னேன். படகு அவளைக் கரை சேர்த்தது, அவள் நடந்தே நாரணாபுரம் வந்தாள், எங்கள் வீட்டில் சாப்பிட்டாள்.

“எங்க வீட்டுக்கு வரமாட்டாளாக்கும்?” என்றாள் மதினி. கோழிக்குத் தன் வீட்டில்தான் கூடு இருக்கிறது என்றாள் பெரியம்மா. கடைசியில் அந்தப் பெண் ஏழு வீட்டிலும் கை நனைத்தாள். ஒருத்தி எப்படி ஏழு வீட்டில் சாப்பிடுவாள் என்று நான் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. சிரித்துச் சிரித்து அம்மாவுக்குப் புரையேறியது.

சாயங்காலம் குழாய்களை அடுக்கும்போது, என் கதையைப் பிடுங்கிக் கெடுத்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் பொருமினேன். அவள் கை வேலையை நிறுத்திவிட்டு, “பெறகு அவ என்ன ஆனா?” என்று கேட்டாள். கதை சொல்கிற தண்டனை இன்னும் முடியவில்லை என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.