மனசை அளக்கிற பட்டன்

எங்கள் தொழிலில் "உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?" என்று வாயால் கேட்பதில்லை, விரல் எவ்வளவு வேகமாகப் பட்டனை அழுத்துகிறது என்றுதான் பார்ப்போம். லெப்டொப்பில் ஆண், பெண் படங்களும் இனிய சொற்களும் கசந்த சொற்களும் மாறி மாறி வரும். அவற்றை இடது, வலது என்று பிரிக்க வேண்டும். மனசு நாடுகிற படமும் இனிய சொல்லும் ஒரே பக்கம் வந்தால் விரல் தயங்காது. ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்காகக் கல்முனையில் ஒரு வாடகை அறையில் இந்த வேலையைப் பார்த்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் கூச்சமான விஷயம் கேட்டுப் பிழைப்பவர்களுக்கு என் பாடு விளங்கும்.

ஈர்ப்பு

கொழும்பிலிருந்து வந்த விளக்கத்தில் "பாலியல் ஈர்ப்பு" என்றிருந்தது. அதை "மனசு ஆசைப்படுறது" என்று மாற்றியவள் நான்தான். இன்று மற்ற ஊர்களிலும் அதைத்தான் வாசித்துக் காட்டுகிறார்கள். மாற்ற வைத்தவர் பொத்துவில் ஹோட்டலொன்றில் சமைக்கும், என்னைவிட மூத்த ஒரு ராத்தா (அக்கா). திரையை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தங்கச்சி, ஈர்ப்பெண்டா மரத்தால மாங்கா கீழ விழுறதுதானே? அதுக்கு ஏன் ஆம்பிளைகள்ட படத்தக் காட்டுறீங்க?"

தடித்த விரல்

ஒலுவில் துறைமுகத்திலிருந்து வந்த மீனவர் ஒருவருக்குக் கயிறிழுத்துக் காய்த்த விரல்கள். ஒரு பட்டனை அழுத்தினால் பக்கத்துப் பட்டனும் அமுங்கியது. இரண்டு போத்தல் மூடிகளைப் பட்டன்களின் மேல் ஒட்டிக்கொடுத்தேன். முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். "கடலுக்குள்ள மீன் தேடுற மெஷின் இருக்கு மகள். மனிசன்ட மனசத் தேட இந்த மூடிதானா?"

கலியாணத்துக்கு முன்

அரிசி ஆலை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர், கலியாணம் பேசியிருந்த மகனோடு வந்தார். மகனை இங்கே ரிஸ்வான் என்று சொல்கிறேன். அது அவர் பெயரல்ல. "இவனுக்குப் பொம்புளைகள்ல ஆசை இருக்கா இல்லயா எண்டு மெஷின் சொல்லட்டும்," என்றார். ரிஸ்வான் தலை நிமிரவேயில்லை.

"ஏலா ஹாஜியார்," என்றேன். "இது கன பேரைச் சேர்த்துப் பார்க்கிற சோதனை. தனி ஒரு ஆளுக்குத் தீர்ப்புச் சொல்லாது. சொன்னாலும் அடுத்த ஆளிட்டக் குடுக்க மாட்டன்."

எங்கள் அறையின் சொந்தக்காரர் தன் கூட்டாளி, நாளைக்கே எங்களைக் காலி பண்ண வைக்கலாம் என்று ஹாஜியார் மிரட்டினார். ஆனாலும், "நம்பிக்கை இல்லாட்டி நீங்களே ஒருக்காச் செஞ்சு பாருங்க," என்று கதிரையை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். அவசரத்தில் இடமும் வலமும் மாறிப்போயின. முடிவு சொல்ல முடியாது என்று திரையில் வந்தது. ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப, நாலு புள்ளயப் பெத்த நான் ஆரு?"

தனியாக வந்தவர்

சில கிழமை கழித்து ரிஸ்வான் தனியே வந்தார். சோதனை செய்யவா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையாட்டினார். கலியாணப் பேச்சு நின்றுவிட்டதாம். வாப்பா இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம். ஆனால் குரலில் தெளிவு இருந்தது.

"அண்டைக்கு நீங்க ஏலாண்டு சொன்னதாலதான் எனக்கும் சொல்ல வாய் வந்திச்சு. ஒண்டுமறியாத ஒரு புள்ளட வாழ்க்கையக் கெடுக்க ஏலாண்டு வாப்பாட்ட நானே சொல்லிட்டன்."

மனசை அளக்கிறவள் என்றுதான் ஊரில் எனக்குப் பெயர், ஆனால் இந்தத் தொழிலில் நான் பெருமைப்படுவதோ அளக்க மாட்டேன் என்று சொன்ன ஒரு நாளைப் பற்றித்தான்.