வாய்க்கால் கட்டின் மேல் றுகையா

கல்முனைக்குடி றுகையாவுக்கு வரிப்பத்தான்சேனையில் இரண்டு ஏக்கர் வயல். வாப்பா சீதனமாக எழுதிக் கொடுத்தது. அதைச் செய்துவந்த புருஷன் கத்தாருக்குப் போனதும், "வயலை என்னட்டத் தா புள்ள, நான் செய்யிறன்" என்று வந்து நின்றார் கூடப் பிறந்த காக்கா நளீம். தங்கச்சி மேல் பாசம்தான். வயல் மேல் அதைவிடப் பாசம்.

"நானே செய்வன் காக்கா."

"எப்பிடிப் போவாய்? வயலுக்குள்ள பஸ்ஸா வரும்?"

அன்றைக்கே புருஷனின் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தாள். பிறகு லைசன்ஸும் எடுத்தாள். நாற்பது வயதில் இவளுக்கு மோட்டார் சைக்கிள் கேட்குதாம் என்று ஊர் சிரித்தது. கேட்கத்தான் செய்தது, அதிலென்ன வெட்கம்?

பழக்கியது நளீம். ஆயுள் முழுக்க, பின்னால் நடந்தபடி கையால் பிடித்து ஓட்டும் லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினோடு மல்லுக்கட்டி உழுதவர். "இறுக்கிப் பிடி, விட்டா ஆளையே இழுத்துப் போட்டுரும்" என்றார். லேண்ட்மாஸ்டருக்கு அது சரி. இதற்கு அதுவே வினையானது. தார் றோட்டில் ஒன்றும் தெரியவில்லை. வயலுக்குப் போகும் வாய்க்கால் கட்டின் கிறவல் கல்லில் வண்டி குலுங்க, இறுக்கிய கை அக்சிலேட்டரையும் சேர்த்து முறுக்கியது. வண்டி பாய்ந்தது. இரண்டு முறை வாய்க்காலுக்குள் விழுந்தாள்.

"சொன்னன்தானே, உனக்கு ஏலாது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் தனியாகப் போனாள். உள்ளங்கை சிவந்திருப்பதைப் பார்த்தபோதுதான் விளங்கியது, இடியப்ப உரலைப் பிழிகிற மாதிரியல்லவா பிழிந்திருக்கிறாள்! முழங்கால்களால் பெற்றோல் டாங்கியை அணைத்தாள். முழங்கையைத் தளர்த்தி, விரல்களைச் சும்மா வைத்தாள். அக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். வண்டியின் முன்சில்லு கல்லில் தட்டினாலும் தானாகவே நேரானது.

மழைக்கால நெல் விதைப்புக்கு முந்திய பெரும்போகக் கூட்டம் வந்தது. எந்த வயலை யார் செய்வது என்று அன்றுதான் பதிவார்கள். நேரில் வராதவர் பேர் ஏறாது. பேர் ஏறாதவருக்கு மானிய விலையில் உரப்பசளை இல்லை. விடிய விடிய மழை. "இந்தச் சேத்துக்க நீ வரமாட்டாய். நான் செய்யிறன் எண்டு பதியிறன்" என்று நளீம் முந்திப் போய்விட்டார்.

அவளும் புறப்பட்டாள். கட்டின் நடுவில் பின்சில்லு வழுக்கியது. கை இறுகப் பார்த்தது. "விடு, விடு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு விரல்களைத் தளர்த்தினாள். அக்சிலேட்டரைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. வண்டி ஒரு ஆட்டம் ஆடி நேரானது. பயத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓட்டினாள்.

கூட்டத்தில் உத்தியோகத்தர் நளீமின் பேரை எழுதி முடித்திருந்தார்.

"சேர், அந்தப் பேரை வெட்டுங்க. வயலும் என்ட, செய்யிறதும் நான்தான்."

நளீம் வாயைப் பிளந்தார். "எப்பிடி வந்த?"

"ஓட்டிக்கொண்டு."

உத்தியோகத்தர் இருவரையும் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். நளீம் என்பது வெட்டுப்பட்டு, றுகையா என்று எழுதி முடியும்வரை, சேறு தெறித்த அபாயாவோடு அவள் மேசையை விட்டு அசையவில்லை.