இடது பக்கத்து பேட்

1. யூனிபார்ம்

உத்திரமேரூரில் லேடீஸ் டெய்லர் கடை போட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. புதிதாகத் தைக்க வருகிறவர்கள் என்னிடம் கழுத்து டிசைனைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் சொல்ல நினைப்பது ஒரு ஆபரேஷனைப் பற்றியும், அதற்குப் பிறகு நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும். அந்தப் பெண்ணின் பெயரை மாற்றியிருக்கிறேன்.

தேவிகா தறிக்காரர் வீட்டுப் பெண். முதலில் வந்தபோது அவளுக்கு இருபது வயது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கடையில் கொடுத்த யூனிபார்ம் ஜாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு, மற்ற கஸ்டமர்கள் போகும்வரை நூல்கண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இடது பக்கம் தொளதொளன்னு கீதுக்கா," என்றாள்.

பிடித்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"பிடிக்க வேணாம். உள்ள எதுனா வெச்சுத் தெச்சுத் தா."

டேப்பை வைத்ததும் புரிந்தது. வலது மார்பு வளர்ந்திருக்கிறது, இடது வளரவேயில்லை. சிலருக்கு அப்படி அமைந்துவிடும் என்று பின்னால் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் லைனிங்குக்குள் பஞ்சு வைத்துத் தைத்தேன். இரண்டு துவைப்பில் அது உருண்டை கட்டியது. அப்புறம் ஃபோம் பேடுக்கு மாறினேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. எட்டு வருஷம் அவளுடைய எல்லா ஜாக்கெட்டுக்கும் அப்படித்தான் தைத்தேன்.

கஸ்டமர் கேட்கும் சேலையைத் தன் தோளில் போட்டுக் கண்ணாடி முன் காட்டுவது அவள் வேலை. ஒரு நாள் உள்தையல் விட்டு பேட் கீழே இறங்கிவிட்டது. சேலை பார்த்துக்கொண்டிருந்த கஸ்டமர் அம்மா எதுவும் சொல்லாமல் வேறு பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். விட்டது என்னுடைய தையல்.

அன்று சாயங்காலம் வந்து சொன்னபோது அவள் அழவில்லை. "எட்டு வருஷமா கண்ணாடி முன்னால பயந்துக்கினே நிக்கறேன். ஆபரேஷன் பண்ணிக்கப் போறேங்க்கா. நீ கூட வரியா?" என்றாள். வீட்டில் அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொல்லியே அந்த அம்மா காலத்தைக் கடத்தியிருந்தார்.

2. நிற்க வைத்துப் போட்ட மார்க்

சென்னையில் ஒரு லேடி டாக்டர். ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். முக்கால் மணி நேரம் பேசினார். வைக்கப்போகும் சிலிகான் இம்ப்ளான்டின் மாதிரி ஒன்றை என் கையில் கொடுத்தார். கொழகொழவென்று கனமாக இருந்தது. மார்புக்குக் கீழ் மடிப்பில் கீறி அதை உள்ளே வைப்பார்கள். முழு மயக்கம் கொடுப்பார்கள். மறுநாளே வீட்டுக்குப் போகலாம். தொடு உணர்ச்சி சில மாதம் குறையலாம், சிலருக்குத் திரும்பாமலே போகலாம். குழந்தைக்குப் பால் கொடுப்பதில் சிரமம் வரலாம். உள்ளே இறுகிப் போனாலோ கிழிந்தாலோ மறுபடி ஆபரேஷன். எங்கே ஸ்கேன் எடுத்தாலும் உள்ளே இம்ப்ளான்ட் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

எத்தனை வருஷம் உழைக்கும் என்று நான் கேட்டேன். ஆயுசுக்கும் வருமென்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, என்றைக்காவது மாற்ற வேண்டி வரும் என்றார்.

தேவிகா கேட்டது ஒன்றுதான். "ரெண்டும் ஒண்ணா இருக்குமா மேடம்?"

"கிட்டத்தட்ட இருக்கும். அச்சு அசலா இருக்காதும்மா. தழும்பும் இருக்கும். அதைத் தெரிஞ்சிக்கிட்டு வேணும்னா மட்டும் பண்ணிக்கோங்க."

டாக்டர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். தேவிகா இரண்டு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். ஆபரேஷன் அன்று காலை அவளை நிற்க வைத்து, டேப் பிடித்து, பேனாவால் மார்க் போட்டார்கள். படுத்தால் உருவம் மாறிவிடுமாம். நானும் யாரையும் உட்கார வைத்து அளவு எடுத்ததில்லை.

3. வீக்கம்

நான் உருப்படியாகச் செய்தது, முன்னால் திறக்கிற மாதிரி இரண்டு நைட்டி தைத்துக் கொண்டுபோனது. நெஞ்சில் அம்மிக்கல் வைத்தது போல இருக்கிறது என்றாள். முதல் வாரம் இடது கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியவில்லை. ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, இறுக்கமான சப்போர்ட் பிராவைக் கழற்றக் கூடாது, மல்லாந்துதான் தூங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

மூன்றாவது வாரம் பார்க்கப் போனேன். "இன்னாக்கா, இது மேலயே நின்னுக்கினு கீது? தப்பாப் பூட்ச்சா?" என்றாள். வீக்கம் வடிந்து இறங்க மாதக்கணக்காகும் என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். சொன்னேனே தவிர, எனக்கும் பயம்தான். மூன்று மாதத்துக்குப் புது அளவு எடுக்கவில்லை. அதற்குள் மெல்ல இறங்கிப் பொருந்திவிட்டது.

4. முகூர்த்த நாள்

ஐந்தாவது மாதம் அவள் தம்பி கல்யாணம். பட்டு ஜாக்கெட் துணியோடு வந்தாள். புதிதாக அளவு எடுத்தேன், இரண்டு பக்கமும் தனித்தனியாகக் குறித்தேன், சரியாகத்தான் வெட்டினேன். முகூர்த்த மாதம், கடை நிறைய துணி. லைனிங் வைத்து மூடும்போது எதையோ யோசித்துக்கொண்டு தைத்திருக்கிறேன்.

கல்யாணத்தன்று காலை அவளே கடைக்கு வந்தாள். ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மேசையில் வைத்தாள். இடது பக்கம் பேட் இருந்தது.

 கைப்பழக்கம் என்று ஏதோ முனகினேன்.

"அவ்ளோ வலியும் பட்டுக்கினு வந்து இத்தப் போட்டேங்க்கா. போட்டதும் எனக்கே சந்தேகம் வந்துட்சு. இன்னும் பத்தலன்னு நெனச்சியா?"

வெட்கமாக இருந்தது. பிரித்துத் தருகிறேன் என்று கத்தரியை எடுத்தேன். அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து லைனிங் தையலை ஒவ்வொன்றாக அவளே வெட்டி, பேடை வெளியே எடுத்துப் போட்டாள். நான் மூடித் தைத்துக் கொடுத்தேன். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன் நின்றாள். முதலில் நேராக, பிறகு பக்கவாட்டில். உற்றுப் பார்த்தால் ஒரு நூல் வித்தியாசம் தெரிந்தது.

"சரியா கீது," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள்.

அவளுடைய பழைய அளவுக்கு வெட்டி வைத்திருந்த பேப்பர் கட்டிங்கை அன்றே கிழித்துப் போட்டேன். இப்போது தெரிந்த கஸ்டமராக இருந்தாலும், பத்து வருஷம் என்னிடம் தைத்துக்கொண்டவளாக இருந்தாலும், முதலில் டேப்பைத்தான் எடுக்கிறேன். உடம்பு மாறியதை அவள் ஒத்துக்கொண்ட பிறகும் டெய்லர் ஒத்துக்கொள்ளாமல் இருந்தால் அது பெரிய பிழை.

அந்த பேடை நான் தூக்கி எறியவில்லை. ஊசி குத்தி வைக்கிற மெத்தையாக மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போன மாதம் தேவிகா வந்தபோது அதைப் பார்த்துவிட்டாள். ஒரு ஊசியைப் பிடுங்கி அதிலேயே மறுபடி நன்றாக ஆழமாகக் குத்திவிட்டு, "இப்ப அளவு எடு," என்று கை இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.