நெஞ்சடைப்புக்கு வேது பிடித்தோம்

எனக்குப் பல வருஷமாக முடக்குவாதம். போன மாதம் மூட்டுவலியோடு நெஞ்சும் அடைத்தது. செந்துறையிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், "வாயு மேல ஏறுது அண்ணி, வேது புடிச்சா எறங்கிடும்" என்று நொச்சி இலையைக் கொதிக்கவைத்து, கம்பளியால் என்னை மூடினாள். மூச்சுத் திணறிக் கத்தினேன். "வாயு வெளியேறுது, பொறுத்துக்குங்க!" என்று இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நான் மயங்கிச் சாய்ந்த பிறகுதான் வண்டி கட்டினார்கள்.

அரியலூர் டாக்டர் என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுப் பார்த்து, "மூட்டு நோவு இருதயத்தையும் தொட்டுடுச்சும்மா. நெஞ்சடைச்சா உடனே இங்க வந்துடுங்க" என்றார். நாத்தனார் தேம்பித் தேம்பி அழுதாள். பாவம், பாசத்தில் செய்ததுதானே!

இப்போது யாராவது முட்டிவலியை விசாரித்தால், "முட்டி கெடக்கட்டுங்க, மூச்சைக் கேளுங்க" என்கிறேன். நாத்தனார் மட்டும் எதுவும் கேட்பதில்லை. வந்ததும் என் நெஞ்சில் காதை வைத்துவிடுகிறாள்.