மதனுக்கு முன்னால் மங்கிய சொல்

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். இப்போதும் பேய் என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் கொம்பியூட்டர் படித்தவர். கேபிள் பிழை, செற்றிங் பிழை என்று இடையில் வாயைத் திறந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும், அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

சுன்னாகத்தில் வீட்டிலிருந்தபடியே கல்வெட்டு வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம் அது. தெல்லிப்பழையில் ஒருவர் இறந்துபோக, கனடாவிலிருந்து வந்த மூத்த மகன் விபரங்களைக் கொண்டுவந்தார். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், அவரவர் இருக்கும் ஊரைப் போடுவது எங்கள் வழக்கம், கனடா, லண்டன், கொழும்பு என்று. இளையவன் மதன் போர் முடிந்த நாட்களில் காணாமற்போனவன். அவனுக்கு எந்த ஊரைப் போடுவது?

“காலஞ்சென்ற மதன் எண்டு போடும். கேக்கிற ஆக்களுக்கெல்லாம் பதில் சொல்லி ஏலாது.”

“அம்மா ஓமெண்டவவோ, அண்ணை?”

“அம்மாவுக்கு நான் சொல்லுறன். நீர் உம்மடை வேலையைப் பாரும்.”

மதனின் படத்துக்கு மாலை போட அந்தத் தாய் இன்றுவரை விட்டதில்லை, அது ஊரறிந்த கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டு அடித்துக் கொடுத்தேன் பாருங்கள், அந்தக் கோபம் என் மேல் இன்னும் இருக்கிறது.

அடுத்த நாள் காலை, நல்ல வெயில். லினக்ஸ் போட்ட என் லப்டொப்பில் பெரிய மொனிற்றரைக் கொழுவினால் திரை முழுக்கக் கலங்கல், எண்ணெய்க் கை பட்ட கண்ணாடி மாதிரி. மத்தியானம் புத்தகம் அச்சகத்துக்குப் போகவேண்டும், இந்தச் சனியன் இன்றைக்குத்தானா மக்கர் பண்ணவேண்டும்? லப்டொப்புக்கு வைத்த 125 வீதப் பெருப்பித்தல் மொனிற்றருக்கும் ஏறியிருந்தது, அதை நூறாக்கினேன். றெசொலூசனை மொனிற்றருக்கு உரியதாக மாற்றினேன். பழைய கேபிளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைக் கொழுவினேன். எல்லாம் துலக்கமாகிவிட்டது, ஒரே ஒரு இடத்தைத் தவிர.

மதனுக்கு முன்னால் இருந்த ‘காலஞ்சென்ற’ மட்டும் நனைந்த மை மாதிரி ஊறிப்போய்க் கிடந்தது. அதே பக்கத்தில் அவனுடைய அப்பப்பாவின் பெயருக்கு முன்னால் அதே சொல், அதே எழுத்துரு, பளிச்சென்று இருந்தது. வரியைக் கீழே இறக்கினேன், மங்கலும் கூடவே இறங்கியது. லப்டொப் திரைக்கு இழுத்தால் தெளிவு, மொனிற்றருக்குக் கொண்டுபோனால் மறுபடி மங்கல். நம்பினால் நம்புங்கள், அழித்து அழித்து அடித்தேன், மேசையில் ஓங்கிக் குத்தினேன், கைதான் வலித்தது.

அப்போது பிழை பார்ப்பதற்கு மூத்தவர் வந்தார். தகப்பனின் புத்தகம் என்று தாயும் கூட வந்துவிட்டார். மகனின் முகத்தைப் பார்த்தேன், அவர் இன்னும் தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்தது. தாய் நேரே மொனிற்றருக்குக் கிட்ட வந்து, விரலை நீட்டி, சரியாக அந்த மங்கலின் மேல் வைத்தார்.

“மதன், வீடு எண்டெல்லோ போட்டுக் கிடக்கு. இது சரி, தம்பி. இதை மாத்திப்போடாதையுங்கோ.”

வீடு என்று நான் எங்கேயும் அடிக்கவில்லை. விரலுக்கு அடியில் மங்கல் அப்படியேதான் இருந்தது. மூத்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரைக் கேட்கவேயில்லை, அந்தச் சொல்லை அழித்துவிட்டு, மதனின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘வீடு’ என்று அடித்தேன். திரையில் மங்கலே இல்லை.

தாயை வெளியே ஓட்டோவில் இருத்திவிட்டு மூத்தவர் திரும்பி வந்தார்.

“உமக்கென்ன விசரோ? அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. ஒப்பரேசன் சரிவரேல்லை. நான் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்ததைக் காணேல்லையோ?”

“அப்ப விரலை எப்பிடி அண்ணை அதிலை வைச்சவ?”

அவர் மொனிற்றரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அச்சுக்குக் குடும்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தியேட்டியில் எல்லார் கையிலும் இருந்த புத்தகத்தில் ‘மதன் (வீடு)’ என்றுதான் இருந்தது.

மொனிற்றர் இப்போதும் அதே மேசையில்தான் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. ஆனால் யாருடைய பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று அடித்தாலும், அது துலக்கமாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த எழுத்துக்குப் போகிறேன். போன கிழமை, நீர்வேலியிலிருந்து வந்த ஒரு கல்வெட்டில், ஒரு மகளின் பெயருக்கு முன்னால் அது மங்கிவிட்டது. அந்த வீட்டின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருக்கிறது, இன்னும் எடுக்கவில்லை. எடுத்து என்னவென்று கேட்பது? நீங்கள் படித்தவர்தானே, சொல்லுங்கள்.